ரிஜிஸ்டர் விலகின மருந்துப் பெட்டி

பஸ் கண்டக்டர் சாத்தூர் சாத்தூர்னு தொண்டை கிழியக் கத்தினாலும், முன்னாடி போயி பலகையை ஒரு தடவை படிச்சுட்டுத்தான் ஏறுவேன். என் சுபாவம் அப்படி. பாதிக்குப் பாதி தொழில் கொடுத்த சுபாவம்னும் சொல்லலாம். சிவகாசியில ஒரு ஆப்செட் பிரஸ்ல எனக்குப் பிளேட் போடுற வேலை, அதாவது பிலிம்ல இருந்து அச்சுத் தகடு எடுக்குறது. பட்டாசுப் பெட்டி மேல ஒட்டுற லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் எல்லாம் அங்கன ஓடும். நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சு அசலா உக்காரணும். அதுக்கு ரிஜிஸ்டர்னு பேரு. ஒரு மயிரிழை விலகினாலும் லேபிள்ல இருக்க பொம்மைக்கு ரெண்டு வாய் தெரியும், ஆர்டர் கொடுத்த பார்ட்டி லோடைத் திருப்பி அனுப்பிருவான். இருபது வருசத்துக்கு மேல லென்ஸைக் கண்ணுல வச்சுக்கிட்டுத் தப்பைத் தேடுறதே எனக்குப் பிழைப்பு. அந்தப் புத்தி ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்து என் கட்டில்லயே படுத்துக்கிச்சு. அதனால என்ன பாடு பட்டேன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல இப்போ கொஞ்சம் தெம்பு இருக்கு.

தீபாவளி சீசன் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சது இது. பிரஸ் மாடிப்படி ஏறினா மூச்சு முட்டும். பல் தேய்ச்சா நுரை சிவப்பா வரும். தொடையில எங்கயும் இடிக்காமலே நீலமாக் கன்றிக் கிடக்கும். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. சீசன்ல தூக்கம் இல்லாம வேலை பார்த்த அசதின்னான் ஒருத்தன். நாரணாபுரத்துல பட்டாசுத் தூள் காத்துல வருதுல்ல, அதுன்னான் இன்னொருத்தன். எங்க தெரு டாக்டர் ரத்தம் கம்மின்னு டானிக் எழுதிக் கொடுத்தாரு. அந்த டானிக் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தேதியை அழிச்சு அடிச்சிருக்கானான்னு.

விருதுநகர்ல ஒரு லேப்ல ரத்தம் சோதிச்சதுல எல்லாமே இறங்கிக் கிடந்துச்சு. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு மூணும். நான் நம்பலை. பக்கத்துத் தெருவுல இன்னொரு லேப்புக்குப் போயி என் மச்சான் பேரைக் கொடுத்து ரத்தம் கொடுத்துட்டு வந்தேன். மச்சானுக்கும் அதே நோய்னு ரிப்போர்ட் வந்துச்சு. மச்சான் அரண்டுட்டான். ஒரு வாரம் எங்க வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்கலை.

அப்புறம் மதுரை. ரத்தத்துக்குன்னே படிச்ச ஒரு டாக்டரம்மா. வெளியில உக்கார வச்சிருந்த பெஞ்சுல மூஞ்சியெல்லாம் வெளுத்த சனம். என் பக்கத்துல காரியாபட்டிக்காரர் ஒருத்தர், பருத்தி போடுற சம்சாரி. "எத்தனாவது தடவை?"ன்னாரு. "இதான் முதல்"னேன். "அப்போ கேள்வியெல்லாம் கேட்டுருங்க. பெறகு கேக்கத் தெம்பு இருக்காது"ன்னாரு. யார் அனுப்பி வச்ச ஆளோன்னு அவரையும் ஒரு மாதிரிப் பார்த்தேன்.

இடுப்பெலும்புல துளை போட்டு மஜ்ஜை எடுத்தாங்க. ரத்தம் ஊறுற இடம் அதுதானாம். மரத்துப் போக ஊசி போட்டிருந்தாலும், உறிஞ்சுறப்போ உயிரையே உறிஞ்சுற மாதிரி இருந்துச்சு. என் சம்சாரம் பேச்சியம்மா வெளியில நின்னா. நான் கத்தினது கேட்டுச்சான்னு கேட்டேன். "கேக்கலை"ன்னா. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு.

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு டாக்டரம்மா எங்களை உக்கார வச்சு ஆற அமரச் சொன்னாங்க. மஜ்ஜையில ரத்த அணுக்கள் அரைவேக்காடாப் பிறக்குது, வளர்றதுக்குள்ள செத்துப் போகுது. இப்படியே விட்டா ரத்தப் புத்துநோயா மாறிரும். குரோமோசோம்ல ஏழாம் நம்பர் ஒண்ணைக் காணோம்.

"காணோம்னா? யார் எடுத்தது?"ன்னு கேட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கலை. "இதுக்கு முன்னாடி எப்பவாவது கரண்டு வச்சிருக்கீங்களா?"ன்னாங்க.

வச்சிருக்கேன். எங்க மக கவிதா கைப்புள்ளையா இருந்தப்போ எனக்குக் கழுத்துல நெறி கட்டி, அது புத்துநோய் வகைன்னு சொல்லி, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கரண்டு வச்சாங்க. கதிர்வீச்சைத்தான் எங்க பக்கம் கரண்டுன்னு சொல்றது. ஊதா மையால நெஞ்சுல கோடு போட்டு, நுரையீரலுக்கு மேல ஈயக்கட்டி வச்சு மறைச்சு, மிச்ச இடத்துல கதிரை விட்டாங்க. கட்டி கரைஞ்சுச்சு. அந்தக் கதையையே மறந்து போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு.

"அந்தக் கரண்டுதான் காரணமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. வாய்ப்பு அதிகம்"னாங்க. அப்புறம் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டாங்க. செல்லுக்குள்ள டி.என்.ஏ.ன்னு நீளமா ஒரு எழுத்து வரிசை. கண்ணுல இருக்க செல்லுக்கும் கல்லீரல்ல இருக்க செல்லுக்கும் எழுத்து ஒண்ணுதான். எந்த இடத்தைப் படிக்கணும், எதைப் படிக்காம விடணும்னு அங்கங்க மெத்தில்னு ஒரு சின்ன மூடி போட்டிருக்கும். மூடி போடுறதுக்குன்னே சில என்சைம்கள். செல் ரெண்டாப் பிரியுறப்போ எழுத்தை நகல் எடுக்கும். அந்த நகல்லயும் பழையபடி அதே இடத்துல மூடி போட வேண்டியது என்சைமோட வேலை.

"மாஸ்கிங்"னேன்.

டாக்டரம்மா புரியாமப் பார்த்தாங்க. நான் சொன்னேன். எங்க பிரஸ்லயும் பிலிம்ல அச்சாகக் கூடாத இடத்தைச் சிவப்பு டேப் ஒட்டி மறைப்போம். மறைச்ச இடம் பிளேட்ல விழாது. புதுசாப் பிலிம் எடுத்தா, புதுசா டேப் ஒட்டணும். ஒட்டுறவன் கூறு கெட்டவனா இருந்தா, மறைக்க வேண்டியது அச்சாகிரும், அச்சாக வேண்டியது மறைஞ்சு போயிரும்.

"அதேதான்"னாங்க. கதிர் படுறப்போ எழுத்து ஒடியும். அது தெரிஞ்ச சேதாரம், செல்லே முடிஞ்ச மட்டும் ஒட்டுப் போட்டுக்கும். தெரியாத சேதாரம் இன்னொண்ணு இருக்கு. மூடி போடுற என்சைமோட வேலை குழம்பிப் போகுது. சில இடத்துல மூடி கழண்டு போயி அடங்கிக் கிடந்ததெல்லாம் ஆட ஆரம்பிக்குது. தப்பைத் திருத்துற சில இடத்துல வேண்டாத மூடி விழுந்துருது. கதிர் படாத செல்லு, அதுக்கு அப்புறம் பிறந்த செல்லு, அதுலயும் அந்தக் குழப்பம் தொடர்ந்து வரும். வருசக்கணக்கா எழுத்து நிலை இல்லாம ஆடிக்கிட்டே இருக்கும். "ஆராய்ச்சி இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. எங்களுக்கே முழுசாத் தெரியாது"ன்னாங்க.

முழுசாத் தெரியாதாம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "அன்னைக்கே இதை ஏன் எவனும் சொல்லலை? தெரிஞ்சேதான வச்சான்?"னு கத்தினேன்.

பேச்சிதான் பதில் சொன்னா. "சொல்லியிருந்தா வேண்டாம்னு எந்திரிச்சு வந்திருப்பீக. கவிதாவுக்கு அப்போ நடை கூட வரலை."

டாக்டரம்மா இன்னொரு கேள்வியும் கேட்டாங்க. பிரஸ்ல மெசினை எதால கழுவுவீங்கன்னு. பெட்ரோல், மண்ணெண்ணெய், எது கிடைக்குதோ அதுன்னேன். அதுலயும் கொஞ்சம் பங்கு இருக்கலாமாம், பென்சீன்னு ஒண்ணு இருக்காம். அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கரண்டா, பெட்ரோலா? எவன் என்னைக் கெடுத்தவன்னு தெரியாம எவன் மேல போயி விழுறது? படுத்துக்கிட்டே மாத்தி மாத்தி வழக்கு நடத்துவேன்.

இதுக்குன்னு ஒரு ஊசி மருந்து அப்போதான் நம்ம நாட்டுல கிடைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அசாசைட்டிடின்னு பேரு. டி.என்.ஏ.வுல இருக்க ஒரு எழுத்து மாதிரியே வேசம் போட்டுக்கிட்டு உள்ள போயிருமாம். நகல் எடுக்குறப்போ செல் அதையும் நல்ல எழுத்துன்னு நினைச்சுச் சேர்த்துக்கும். மூடி போட வர்ற என்சைம் அது மேல கையை வச்சா, கை ஒட்டிக்கிடும், எடுக்க முடியாது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமா வேண்டாத மூடியெல்லாம் குறைஞ்சு, தப்பைத் திருத்துறவன் வெளியில வருவான். செல் நகல் எடுக்குறப்போதான் மருந்து வேலை செய்யும். அதனால மாசத்துல ஒரு வாரம் தொடர்ந்து போடணும், அது ஒரு சுத்து, அப்படிப் பல மாசம் போடணும். ஆரம்பத்துல அணுக்கள் இன்னும் இறங்கும், பயப்படக் கூடாதுன்னாங்க.

வேசம் போட்டுக்கிட்டு உள்ள போற மருந்து! எனக்கு இது போதாதா?

வெள்ளைப் பொடியில தண்ணியை விட்டு நர்ஸம்மா கலக்குவாங்க. கரையாம சுண்ணாம்புத் தண்ணி மாதிரி நிக்கும். உள்ளங்கையில வச்சு உருட்டி, வயித்துல ரெண்டு பக்கமும் குத்துவாங்க. குத்தின இடம் தட்டு அகலத்துக்குச் சிவந்து காந்தும். கரையாத மருந்து நல்ல மருந்தான்னு கேட்டேன். இது அப்படித்தான் இருக்கும்னாங்க. "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீக"ன்னேன். அந்தம்மா பேச்சியைப் பார்த்துச் சிரிச்சாங்க. பேச்சி தலையில அடிச்சுக்கிட்டா.

முதல் சுத்து முடிஞ்சு ஊருக்கு வந்தா, அணுக்கள் கிடுகிடுன்னு இறங்கிருச்சு. காய்ச்சல் வந்து திரும்ப மதுரையில படுத்தேன். ரத்தம் ஏத்தணும், ஆள் வேணும்னாங்க. பிரஸ்ல இருந்து ஒரு வேன் நிறையப் பயலுக வந்து இறங்கினானுக. நகக்கண்ணுல இங்க் கூடப் போகலை, மெசினை நிறுத்திட்டு அப்படியே வந்திருக்கானுக. என்கூட பிளேட் ரூம்ல வேலை பார்க்கிற ஒருத்தன் ரத்தம் கொடுத்துட்டு, கையில பஞ்சை அமுக்கிக்கிட்டே வந்து, "அண்ணாச்சி, எப்ப வர்றீக? புது ஆளு டேப் ஒட்டினா ஒட்டவே மாட்டேங்குது"ன்னான். என் இடத்தைப் பிடிக்க வேவு பார்க்க வந்திருக்கான்னு நினைச்சேன். அவன் ரத்தம் என் உடம்புல ஏறிக்கிட்டு இருக்கிறப்போவே அப்படி நினைச்சேன். என்னத்தச் சொல்ல!

பேச்சி ஒரு நாளும் முகம் சுளிக்கலை. பச்சைக் காய், பழம் எதுவும் ஆகாது, எல்லாம் கொதிக்கக் கொதிக்கத்தான்னு சொல்லியிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு வீட்டுக்காரம்மாகிட்ட அடுப்பு கேட்டு வாங்கிக் கஞ்சி வச்சுக் கொண்டுவருவா. கரண்டு வெட்டு நேரத்துல லிப்ட் ஓடாது. தூக்குவாளியோட மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கினாலும் காட்டிக்க மாட்டா. கழுத்துச் செயின் எங்கன்னு கேட்டேன். அறுந்து போச்சு, பத்த வச்சு ஒட்டக் கொடுத்திருக்கேன்னா. சரின்னுட்டேன்.

ரெண்டாவது சுத்துலயும் அணுக்கள் ஏறலை. மூணாவது சுத்துக்குப் போனப்போ ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படுக்கை கிடைச்சுச்சு. மறுநாள் காலையில ஊசி. ஆஸ்பத்திரிக் கடையில மருந்து தீர்ந்து போச்சுன்னு பேச்சி வெளிக்கடையில வாங்கிட்டு வந்தா. நர்ஸம்மா இன்னும் வரலை. நான் பெட்டியை வாங்கிப் பார்த்தேன்.

ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கம்பெனி முத்திரையில சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்துச்சு. என் பையில எப்பவும் லென்ஸ் கிடக்கும். வச்சுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ரிஜிஸ்டர் அவுட். போன மாசத்துப் பெட்டியில மாத்திரைகளைப் போட்டு வச்சிருந்தோம், அதையும் எடுத்துப் பக்கத்துல வச்சேன். அது கச்சிதம். இது கோணல். அட்டையும் ஒரு கனம் குறைச்சல்.

"பேச்சி, இது போலி"ன்னேன்.

"என்னங்க சொல்றீக?"

"எங்க ஊருலயே எம்புட்டு டூப்ளிகேட் லேபிள் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? எவனோ சுண்ணாம்பை அடைச்சு விக்கிறான். ஒருவேளை முன்னாடி போட்டதுலயும் சிலது போலியா இருக்கும். அதான் அணு ஏறவே மாட்டேங்குது. எல்லாத்தையும் கட்டு. ஊருக்குப் போவோம்."

நர்ஸம்மா வந்தாங்க. போட விடமாட்டேன்னேன். டூட்டி டாக்டர்ப் பையன் வந்து பெட்டியைப் பார்த்துட்டு, தேதி சரியா இருக்கு, நம்பர் இருக்குன்னான். நம்பரை அடிக்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும் தம்பின்னேன். வார்டே திரும்பிப் பார்த்துச்சு. எழுதிக் கொடுத்துட்டுப் போறதுன்னா போங்கன்னு அவன் ஒதுங்கிட்டான். நான் சட்டையை மாட்ட ஆரம்பிச்சுட்டேன்.

பேச்சி பையைக் கட்டலை. ரெண்டு பெட்டியையும் எடுத்துக்கிட்டு, "இருங்க, விசாரிச்சுட்டு வாரேன்"னு போனா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தா. நான் செருப்பு வரைக்கும் மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

"கம்பெனிக்கே போன் போட்டுப் பேசியாச்சு"ன்னா. "ரெண்டும் அவுக மருந்துதானாம். பெட்டி அடிக்கிற பிரஸ்ஸை மாத்தியிருக்காகளாம். புது பிரஸ்ல முதல் லோடு கொஞ்சம் விலகிருச்சாம். உங்களை மாதிரியே இன்னும் ரெண்டு பேர் கேட்டாகளாம்."

அது என் மண்டைக்குள்ள சரியாப் போயி உக்காந்துச்சு. பிரஸ்ஸை மாத்தினா முதல் லோடு அப்படித்தான் வரும். அட்டையும் வேற இடத்துல வாங்கியிருப்பான். "பாத்தியா, நான் சொன்னது சரிதான? விலகியிருக்கா இல்லையா?"ன்னேன். "ஆமா, நீங்க சொன்னது சரிதான்"னா. சட்டையைக் கழட்டிட்டுப் படுத்தேன். நர்ஸம்மா வந்து குத்தினாங்க. பேச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு என் வயித்தையே பார்த்துக்கிட்டு இருந்தா.

நாலாவது சுத்துக்கு அப்புறம் தட்டணு ஏறுச்சு. அப்புறம் சிவப்பணு. ரத்தம் ஏத்துறது குறைஞ்சு, நின்னே போச்சு. டாக்டரம்மா மறைக்காமச் சொன்னாங்க, இது நோயைப் பிடிச்சு நிறுத்துற மருந்துதான், எம்புட்டு நாள் பிடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு. சொன்னதுக்காகவே அவங்களை எனக்குப் பிடிச்சுப் போச்சு. விருதுநகர் லேப்ல இன்னொரு தடவை சோதிச்சேன். இந்தத் தடவை என் பேர்லதான். அங்கயும் அதே கணக்கு.

போன வாரம் அரை நாள் பிரஸ்ஸுக்குப் போயிட்டு வந்தேன். வேலை மந்தம்னு முதலாளி சொன்னாரு. எனக்குப் பளிச்சுன்னு ஒரு யோசனை. அந்த மருந்துக் கம்பெனிக்கு இப்போ அடிக்கிறவன் சரியில்லை. நாமளே போன் போட்டு, பெட்டி ஆர்டரை நமக்குக் கொடுங்கன்னு கேட்டா என்ன? முதலாளிக்கும் ஆசை வந்துருச்சு. வீட்டுக்கு வந்து பேச்சிகிட்ட, "அன்னைக்கு உன்கிட்டப் பேசினது யாரு? ஆம்பளையா பொம்பளையா? பேரைச் சொல்லு, நாளைக்கே பேசிருவோம்"னேன்.

அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. கை நின்னுருச்சு.

"யாரும் பேசலை"ன்னா.

"என்னது?"

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கம்பெனியில மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எவனும் எடுக்கலை. மருந்துக் கடைக்காரன் வேலையைப் பாரும்மான்னுட்டான். கேண்டீன்ல உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுட்டு, எதைச் சொன்னா நீங்க நம்புவீகன்னு யோசிச்சேன். பிரஸ் சங்கதியாச் சொன்னா நம்புவீகன்னு தோணுச்சு. வந்து சொன்னேன்."

"நிசமாவே போலியா இருந்திருந்தா?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாக. இந்த மருந்தை விட்டா அம்புட்டுத்தான், சில மாசம் தாங்குறதே கஷ்டம்னு. போடாமக் கூட்டிட்டு வந்தா நீங்க இல்லைன்னு நிச்சயம். போட்டா இருந்தாலும் இருப்பீக."

"மறுநாள் திங்கக்கிழமை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! டாக்டரம்மாவே போன் போட்டாக. நம்பர் சரிதான், நல்ல மருந்துதான்னு சொன்னாக. நம்பரைக் காப்பி அடிக்க முடியாதான்னு என் மனசு கேக்குது. உங்ககூட இத்தனை வருசம் குடும்பம் நடத்தி அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு ரிப்போர்ட் வர்றப்போவும் நானே கையைப் பிடிச்சுக்கிட்டு உங்களைக் கொன்னுட்டேனோன்னு கிடந்து செத்தேன்."

சொல்லிட்டு முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டா. வெங்காயமாம். நான் ஊரு உலகம் பூராத்தையும் சந்தேகப்பட்டேன். லேப்காரனை, டாக்டரை, ரத்தம் கொடுத்த பயலை, யாரையும் விடலை. என் மூஞ்சிக்கு நேரா நின்னு சுத்தமாப் பொய் சொன்னவளை மட்டும் ஒரு நிமிசம் கூடச் சந்தேகப்படலை. அந்த ஒரு ஏமாளித்தனத்துலதான் இன்னைக்கு உசுரோட உக்காந்திருக்கேன். கோபம் வரும்னு பார்த்தேன். அழுகைதான் வந்துச்சு.

திங்கக்கிழமை அடுத்த சுத்துக்குக் கிளம்பணும். அவ பக்கத்துல உக்காந்து நானும் ரெண்டு வெங்காயத்தை எடுத்து உரிச்சேன்.

"இன்னொரு தடவை இப்படி ஏதாவது வந்தா என்ன செய்வ?"ன்னு கேட்டேன்.

"திரும்பவும் சொல்லுவேன்"னா.

"சொல்லு. ஆனா பெறகு என்கிட்ட வந்து உண்மையைச் சொல்லிராத"ன்னேன்.